'அதர்ஸ்' ஃபோல்டருக்குள் ஓர் ஊர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஃபோல்டரின் பெயரிலிருந்து கிடைத்தது. மற்றவர்களுக்கு மழை, ரயில், பழைய காதல் என்று எதிலிருந்தெல்லாமோ கதை கிடைக்கிறது. எனக்கு இதுதான். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சத்திரத்தின் முன்னறையில் இருந்த கம்ப்யூட்டர். டி டிரைவைத் திறந்தால் முதலில் 'சத்திரம்', அடுத்து 'ஃபேமிலி', மூன்றாவதாக 'அதர்ஸ்'.

அந்த மூன்றாவதைப் பார்த்து வந்த கோபம் ஆடியில் வந்தது. இப்போது மார்கழி. இரண்டாயிரத்து ஒன்பது முடியப்போகிறது, கோபம் முடியவில்லை. ஆறிய பிறகு எழுதினால் எழுத்து நன்றாக வரும் என்கிறார்கள். ஆறிய சோறு தின்று வளர்ந்தவள் நான். எழுத்தாவது சூடாக இருக்கட்டும்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுத உட்கார்ந்தால் கோபம் வருவதில்லை. பனிதான் வருகிறது. மலை பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. படிகளில் யாரோ ஏறுகிறார்கள், கால்கள் மட்டும் தெரிகின்றன. அந்தப் பனிக்குள் உட்கார்ந்து மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

அ) 'சுதா அன்று காலை மலையைப் பார்த்தாள். மலையும் அவளை' [விட்டுவிட்டேன். மலைக்கு வேறு வேலை இருக்கிறது.]

ஆ) 'கணினி நிரலாக்கத்தில் தனிச்சூழல் எனப்படுவது யாதெனில்' [படித்துக் காட்டினேன். தோழி கொட்டாவி விட்டாள்.]

இ) 'ஆடிக் கிருத்திகையன்று காலை பதினொரு மணிக்கு, சுதாவின் அடைப்புக்குறிக்குள் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.'

மூன்றாவது பிடித்திருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் சிலரை உங்களுக்குத் தெரியவேண்டும்.

2

சுதா. இருபத்திரண்டு வயது. அம்மையார்குப்பம். அப்பா பங்காரு விசைத்தறி ஓட்டுகிறார். அவரை அவள் நைனா என்று கூப்பிடுவாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ்.

[சுதா நீயா என்று கேட்பீர்கள். என் கோபம் அவளிடம் இருக்கிறது. என் தலைமுடி அவளுக்கு இல்லை. இதற்குமேல் சொல்லமாட்டேன்.]

சந்திரமௌலி. ஐம்பதைத் தாண்டியவர். மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கும் குடும்பம். இவருக்கு மட்டும் அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளாததால், குடும்பத்துச் சத்திரத்தைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்கள். இருபத்திரண்டு அறைகள். முன்னறையில் நான்கு கம்ப்யூட்டர்களைப் போட்டுப் பயிற்சி மையம் என்று போர்டு மாட்டினார். சுதா அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

முதல் வரைவில் இவரை வில்லனாக எழுதினேன். மனிதர் ஒத்துழைக்கவே இல்லை. 'பொம்பளப் புள்ள பாடம் நடத்துதா' என்று கேட்ட ஓர் அப்பாவை, 'அப்போ உங்க பிள்ளைய நீங்களே நடத்திக்குங்கோ' என்று வாசலோடு அனுப்பியவர். வகுப்பு முடிந்த பிறகு சுதா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கலாம் என்றவர். நெட் இணைப்பு இருந்த ஒரே கம்ப்யூட்டர், அறைப் பதிவு ஓடும் கம்ப்யூட்டர். அதைக் கூடக் கொடுத்தார்.

ஆனால் முன்னறை ஜன்னலில் ஓர் எவர்சில்வர் தம்ளர் இருந்தது. உள்ளேயிருந்து காப்பி வரும்போது அவருக்கு டபராவோடு வரும். சுதாவுக்கு அந்தத் தம்ளரில், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவளே கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைப்பாள். யாரும் அப்படிச் செய் என்று சொன்னதில்லை. மூன்றாம் நாள் அவள் கையே தானாகச் செய்தது. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கோபம்.

3

சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து சுதாவுக்கு மெயில் வந்தது. ஆடிக் கிருத்திகையன்று காலை பதினொரு மணிக்கு ஒரு கோப்பு அனுப்புவோம். அதற்குள் நீ எழுதி முடிக்கும் நிரலில் அதைக் கொடுத்து ஓட்டி, பன்னிரண்டுக்குள் விடையை அனுப்பு. பைத்தான் 2.6இல் ஓடவேண்டும். சரியாக வந்தால் வேலை.

[தெரியாதவர்களுக்கு: பைத்தான் ஒரு கணினி மொழி. அதில் நாம் எழுதுவதை வரிவரியாகப் படித்து எந்திரத்துக்கு எடுத்துச்சொல்லும் ஆள்தான் இன்டர்பிரெட்டர். அந்த ஆளுக்கும் வயது உண்டு. புதியவனுக்குத் தெரிந்த சில சொற்கள் பழையவனுக்குத் தெரியாது.]

சத்திரத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவன் பழையவன், 2.4. அறைப் பதிவு நிரல் அவனை நம்பித்தான் ஓடியது. எழுதியவள் அபிராமி என்கிற அபிராமசுந்தரி, சந்திரமௌலியின் தங்கை மகள், பள்ளிக்கூடத்தில் சுதாவோடு ஒரே பெஞ்ச், இப்போது சென்னையில் வேலை. இதெல்லாம் தெரியாமல் சுதா ஒரு நாள் பழையவனைத் தூக்கிவிட்டுப் புதியவனை உட்காரவைத்தாள். அன்று நகரியிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி வந்து இறங்கியது. பதிவு நிரல் வாயே திறக்கவில்லை.

"என்னம்மா பண்ணினே? ஏழாம் நம்பர் ரூமுக்கு ரெண்டு குடும்பம் நிக்கறது. ஒருத்தர் தெலுங்குல திட்டறார், ஒருத்தர் தமிழ்ல திட்டறார், ரெண்டும் எனக்குப் புரியறது!"

"புது வெர்ஷன் போட்டேங்க சார்."

"யாரைக் கேட்டுண்டு?"

"யாரையும் கேக்கல."

"இனிமே அதைத் தொடாதே. உன் வேலையெல்லாம் அதர்ஸ்குள்ள வச்சுக்கோ. அதுக்குத்தானே அது இருக்கு."

பழையவன் திரும்பி வந்தான். சுதா வெளியே போய்ப் பூக்கடைகளைத் தாண்டி, குளக்கரைவரை நடந்து, அபிராமிக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு பேருமே இருக்கலாம்டி," என்றாள் அபிராமி. "ஒரு ஃபோல்டருக்குள்ள தனியா ஒரு சூழல் கட்டிக்கோ. எந்த வெர்ஷன் வேணுமோ அத உள்ள வச்சுக்கலாம். வெளியில இருக்கறத அது தொடாது. வெளியில இருக்கறதும் அதத் தொடாது."

"இன்னா மாதிரி?"

"மடி மாதிரின்னு வச்சுக்கோயேன். எங்காத்துல துணிய யாரும் தொடாம கொடியில தனியா ஒணத்தி…"

"மடியப் பத்தி எனக்குச் சொல்லாத அபிராமி. நீ உள்ள நின்னுகினு பாத்த. நான் வெளிய நின்னுகினு பாத்தேன்."



"சரி. வேற உதாரணம் சொல்லட்டா?"

"உதாரணம் வாணாம். இன்னா டைப் அடிக்கணும்னு சொல்லு."

4

டைப் அடித்தாள். 'அதர்ஸ்' ஃபோல்டருக்குள் ஒரு சிறு ஃபோல்டர் பிறந்தது. அதற்கு 'ஊர்' என்று பெயர் வைத்தாள். உள்ளே நுழையும் கட்டளையைக் கொடுத்ததும், திரையில் எழுத்து துடிக்கும் இடத்துக்கு முன்னால் (ஊர்) என்று ஓர் அடைப்புக்குறி வந்து நின்றது. நீ இப்போது உள்ளே இருக்கிறாய் என்பதற்கு அதுதான் அடையாளம்.

[அடைப்புக்குறி எனக்கு ஏன் பிடிக்கிறது என்று தெரிகிறதா? வெளியே ஓடும் வாக்கியம் இதற்குள் வராது. இங்கே உட்கார்ந்துகொண்டு நான் யாரைப் பற்றியும் எதுவும் நினைக்கலாம்.]

புதிதாகக் கட்டிய சூழலுக்குள் அநேகமாக ஒன்றுமே இருக்காது. நீங்கள் தேர்ந்தெடுத்த இன்டர்பிரெட்டர் மட்டும், காலி வீட்டுக்குள் முதலில் குடிவந்தவன் போல நிற்பான். மற்றது எல்லாம் நீங்கள் கேட்டுக் கேட்டு இறக்கவேண்டும்.

சுதா நுழைந்தபோது நானும் பின்னாலேயே நுழைந்தேன். எழுதுகிறவளுக்கு அந்தச் சலுகை உண்டு. உள்ளே வெளிச்சமும் இல்லை, இருட்டும் இல்லை. முதலில் மலையைப் போட்டேன். அது வந்து ஓசையில்லாமல் உட்கார்ந்தது. படிகளைப் போட்டேன், முந்நூற்று அறுபத்தைந்து என்பார்கள், நான் எண்ணாமல் போட்டுவிட்டதால் அங்கே வருஷம் முடிவதில்லை. குளத்தைப் போட்டேன். அதில் சாமந்தி இதழ்கள் எங்கும் போய்ச்சேரும் அவசரமில்லாமல் மிதந்தன. பஸ் ஸ்டாண்டையும், இரண்டு மொழியிலும் ஊர்ப்பெயர் கூவும் ஒரு கண்டக்டரையும் போட்டேன். பஸ் போட மறந்துவிட்டேன். அவர் வருத்தப்படாமல் கூவிக்கொண்டே இருந்தார். அம்மையார்குப்பத்துத் தெருவைப் போட்டேன். தறிச் சத்தம் தூரத்து மழை மாதிரி கேட்டது. குரங்குகளை நான் போடவில்லை. அவை தாமாக வந்துவிட்டன.

சத்திரத்தின் ஜன்னலைப் போட்டேன். தம்ளரைப் போடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அந்த ஜன்னல் கொஞ்சம் வெயிலை வைத்துக்கொண்டிருந்தது.

சுதா தினமும் வகுப்பு முடிந்ததும் அங்கே போனாள். வேறு யாரோ எழுதிவைத்ததில் தனக்கு வேண்டிய நான்கு துணைநிரல்களை நெட்டிலிருந்து இறக்கிக்கொண்டாள். நிரல் வளர்ந்தது. வெளியே சந்திரமௌலியின் பழையவன் பதிவு எழுதிக்கொண்டிருந்தான். உள்ளே சுதாவின் புதியவன் அவள் சொன்னதைச் செய்துகொண்டிருந்தான். ஒருவருக்கொருவர் தெரியாது.

"எப்பப் பாத்தாலும் அதுக்குள்ளயே இருக்கியேம்மா. என்ன பண்றே?" என்று ஒரு நாள் சந்திரமௌலி கேட்டார்.

"என் ஊர்ல இருக்கேங்க சார்."

"ரூம் வாடகை எவ்வளவு?"

சுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து சிரித்த ஒரே நாள் அது. எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். நடந்ததை விடமுடியவில்லை.

5

[இங்கே சுதாவுக்கு ஒரு காதல் வைத்திருந்தேன். பொதட்டூர்பேட்டைப் பையன், லுங்கி மூட்டையோடு பஸ்ஸில் ஏறுவான், பக்கத்தில் உட்கார இடம் கேட்பான். இரண்டு பக்கம் ஓடியது. எடுத்துவிட்டேன். அவனுக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி.]

6

ஆடிக் கிருத்திகை. ஊருக்குள் பஸ் விடவில்லை. சுதா வெகுதூரம் முன்னாலேயே இறங்கி, மஞ்சள் வேட்டிகளுக்கும் புஷ்பக் காவடிகளுக்கும் நடுவே மிதந்து வந்தாள். நடந்தாள் என்று எழுதக்கூடாது. அன்று யாரும் நடப்பதில்லை, கூட்டம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பம்பைச் சத்தத்துக்கு நடுவில் நைனா போன் செய்தார்.

"இன்னாமா, போய்ட்டியா?"

"வந்துகினே கீறேன் நைனா."

"இங்க கரண்ட்டு புட்டுகிச்சி. அங்க கீதா?"

"கீது."

"கீதுல்ல? அப்போ பாஸுதான் நீ."

முன்னறையில் அறை கிடைக்காதவர்கள் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். முந்தின சாயங்காலமே அறைகள் நிரம்பிவிட்டதால் கம்ப்யூட்டர் சும்மாதான் இருந்தது. பதினொரு மணிக்குக் கோப்பு வந்தது. சுதா 'அதர்ஸ்' ஃபோல்டரைத் திறந்தாள். 'ஊர்' அங்கே இல்லை.

தேடினாள். சி டிரைவில், 'முருகன் துணை' என்ற ஃபோல்டருக்குள் இருந்தது. சத்திரத்துக் கல்வெட்டின் படமும் உற்சவர் படமும் மட்டும் இருக்கும் ஃபோல்டர் அது. சரி, இருக்கிறதே என்று உள்ளே நுழையும் கட்டளையைக் கொடுத்தாள். (ஊர்) என்று அடைப்புக்குறி வந்தது. மூச்சு வந்தது. நிரலை ஓட்டினாள். மூன்றாவது வரியிலேயே நின்றது. இந்தச் சொல் எனக்குத் தெரியாது என்றது எந்திரம்.

நீ யார் என்று கேட்டாள்.

2.4 என்று பதில் வந்தது.

அடைப்புக்குறி அப்படியே இருந்தது. உள்ளே பழையவன் உட்கார்ந்திருந்தான்.

"சார், என் ஃபோல்டர யாரு எடுத்தது?"

"நான்தாம்மா. காலம்பற…"

"தொடாத தொடாதன்னு சொன்னவரு, என்னுத ஏன் தொட்டீங்க?"

மூட்டைகளோடு இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். புத்தூர்க்காரர் ஒருவர் என்ன ஆயிற்று என்று தெலுங்கில் கேட்டார், "ஏமைந்தி?" யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

சந்திரமௌலி துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வண்டிச் சாவி, பிள்ளைகளோட ஹால் டிக்கெட், எது புதுசா வந்தாலும் மேல கொண்டுபோய் அவன் காலடியில வச்சுத்தான் எடுப்போம். எங்க வழக்கம். இதை எப்படி மேல எடுத்துண்டு போறது? அதான் அவன் பேர்ல இருக்கறதுக்குள்ள கொண்டுவந்து வச்சேன். உனக்கு நல்லது நடக்கணும்னுதான். வேற யாரோடதையும் அதுக்குள்ள விட்டதில்லம்மா."

[கதை இந்த இடத்தில் அவர் பக்கம் சாய்கிறது. எனக்குத் தெரிகிறது. நீங்களும் சாயலாம். சாயுங்கள். ஜன்னலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.]

சுதா அபிராமிக்குப் போன் போட்டாள். பதினொன்று பதினான்கு.

"நகத்திட்டாரா? ஐயோ. அது எங்க பொறந்துதோ அந்த முகவரிய தனக்குள்ள பல எடத்துல எழுதி வச்சிருக்கும்டி. எடத்த மாத்தினா, பழைய முகவரிக்கே தேடிண்டு போகும். அங்க ஒண்ணும் இருக்காது. உடனே வெளியில இருக்கறவன் வந்து ஒக்காந்துப்பான்."

"இப்போ இன்னா பண்றது?"

"ரெண்டு வழி. எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வை. அதர்ஸ்ல. ரெண்டு நிமிஷத்துல ஓடும்."

"இன்னொண்ணு?"

"இப்போ இருக்கற எடத்துலயே புதுசா கட்டு. நாலு துணைநிரலும் மறுபடி நெட்ல இறங்கணும். நல்ல நாள்ல இருபது நிமிஷம். இன்னிக்குக் கிருத்திகை, லைன் எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது. ஒருமணி நேரம் கூட ஆகும்."

பக்கத்தில் நின்ற சந்திரமௌலிக்கு எல்லாம் கேட்டது.  'அதர்ஸ்' என்ற எழுத்துகளை முதல்தடவையாகப் படிக்கிறவர் மாதிரி படித்தார்.

"இந்தப் பேருதானா," என்றார் மெதுவாக. "ஏதோ போட்டு வச்சதும்மா. மாத்திடறேன். உன் பேரையே வச்சுடறேன். சுதான்னு. இப்பவே." கை மவுசுக்குப் போனது.

"மாத்தாதீங்க!"

கத்திவிட்டாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "மாத்தினா ஓடாதுங்க சார். அதுக்குள்ள அதர்ஸ்னு எழுதியாச்சு."

அவர் கையை எடுத்துக்கொண்டார். எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

7

இதற்குமேல் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கைவைத்தால் இன்னொன்று கெடாதபடி, இரண்டையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் சுதா 'ஊர்' ஃபோல்டரைத் திரும்ப 'அதர்ஸ்' ஃபோல்டருக்கே கொண்டுபோகிறாள். புதியவன் எழுந்து உட்காருகிறான். பதினொன்று நாற்பத்தொன்றுக்கு விடை போகிறது. வேலை கிடைக்கிறது. சந்திரமௌலி கற்கண்டு கொடுக்கிறார். 'அதர்ஸ்' ஃபோல்டருக்கு யாரும் பெயர் மாற்றவில்லை. மாற்றக்கூடாது என்று சொன்னவளே அவள்தானே.

இரண்டாவது முடிவில் அவள் இருக்கிற இடத்திலேயே, உற்சவர் படத்துக்குப் பக்கத்திலேயே, புதிதாகக் கட்டத் தொடங்குகிறாள். முதல் துணைநிரல் இறங்குகிறது. இரண்டாவது இறங்குகிறது. மூன்றாவது பாதியில் நின்று யோசிக்கிறது. இதை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். ஒரு தடவை பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு முடிந்தது. இரண்டு தடவை முடியவில்லை. நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. லைன் அப்படி.

[மூன்றாவதாக, சந்திரமௌலி உள்ளே போய்த் தன் டபராவில் அவளுக்குக் காப்பி கொண்டுவரும் முடிவு ஒன்றை ஒரு நண்பர் சொன்னார். அதை அவரே எழுதிக்கொள்ளட்டும். காப்பிக்காக யாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவில்லை.]

பலரிடம் கேட்டேன். அப்பாவும் படித்து, தாத்தாவும் படித்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இரண்டாவது முடிவு என்றார்கள். மானம் பெரிது, அங்கேயே கட்டட்டும், தோற்றாலும் பரவாயில்லை என்றார்கள். வீட்டில் முதல் ஆளாகப் படித்தவர்கள் எல்லாரும் முதல் முடிவு என்றார்கள். முதலில் வேலை கிடைக்கட்டும், மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தோற்றால் அடுத்த மெயில் எப்போது வரும் என்று உனக்குத் தெரியுமா என்றார்கள். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது. முதல் ஆளாகப் படித்தவர்கள்மேல் வந்த கோபத்தில் பாதி அழுகை.

நான் எதைச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன். கதையை முடிக்கத் தெரியாமல் இல்லை; நான் முடித்தால் நீங்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவீர்கள். அதற்காக ஒரு பெண்ணை அரைமணி நேரம் இப்படி உட்காரவைக்கவில்லை.

வெளியே ஒரு காவடி முடிந்து அடுத்த காவடி வருவதற்குள் பம்பை ஓய்ந்திருக்கிறது. குழந்தை ஒன்று தூங்கிவிட்டது. புத்தூர்க்காரர் கூட எழுந்து வந்து திரையைப் பார்க்கிறார். சுதா 'ஊர்' ஃபோல்டரின் மேல் மவுசை அழுத்திப் பிடித்து நகர்த்தியிருக்கிறாள். பிடித்து இழுக்கும்போது ஃபோல்டர் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள்: மங்கலாக, பின்னால் இருப்பது தெரிய, பனிக்குள் மலை மாதிரி. ஒரு பக்கம் 'முருகன் துணை'. ஒரு பக்கம் 'அதர்ஸ்'. விரலை எடுக்காதவரை அது இரண்டிலும் இல்லை. அம்மையார்குப்பத்துத் தெரு, குளம், எண்ணாத படிகள் எல்லாம் அந்த மங்கலுக்குள் அவள் விரல்நுனியில் நிற்கின்றன.

இரண்டு வழியையும் சொல்லிவிட்டேன். நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், பதினொன்று இருபத்தாறு. எங்கே விடுவது என்று நீங்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவளுக்கு விரல் வலிக்கத் தொடங்கியிருக்கிறது.